இடிப்பதற்கு முன் நடந்து பார்: பேட்ரிக் கெட்டிஸின் நகரமைப்பு முறை

நெருக்கமான ஒரு பழைய குடியிருப்பு. சந்தில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்க வேண்டும். சாக்கடை தேங்கி நிற்கிறது. பின்கட்டு வீடுகளுக்கு வெளிச்சம் எட்டுவதில்லை. மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். இப்படிப்பட்ட பகுதியை எப்படிச் சீர்செய்வது?

நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான நகராட்சிகளிடம் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. வரைபடத்தை மேசையில் விரித்து, அளவுகோலை வைத்து, குறுக்கே ஒரு நேர்ச்சாலையை இழுப்பார்கள். அதற்குள் விழுந்த வீடு, கோயில், கிணறு, மரம் எல்லாம் போய்விடும். அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பது அந்த வரைபடத்தில் இருக்காது. உண்மையில் அவர்கள் பக்கத்துத் தெருவுக்குத்தான் போனார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த கூட்டத்தோடு சேர்ந்து நெரிசலை இரட்டிப்பாக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தத் தெருவையும் இடிக்க வேண்டும் என்று அடுத்த திட்டம் வரும்.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழியைச் சொல்லித் தந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெட்டிஸ். அதற்கு அவர் வைத்த பெயர் ‘கன்சர்வேடிவ் சர்ஜரி’. மருத்துவர்களிடமிருந்து எடுத்த பெயர் இது. காலில் ஆறாத புண் என்றால் காலையே எடுத்துவிடுவது ஒருவகை வைத்தியம். கெட்ட சதையை மட்டும் நீக்கி, காலைக் காப்பாற்றிக் கொடுப்பது இன்னொரு வகை. கெட்டிஸ் இரண்டாவது வகை மருத்துவரைப்போல நகரத்தை அணுகினார். அந்த முறையை இந்தக் கட்டுரையில் ‘காக்கும் அறுவை’ என்று சொல்கிறேன்.

தமிழ் வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. இந்த முறையை அவர் இந்தியாவில் தெளிவாக விளக்கிக் காட்டிய இடங்களில் ஒன்று தஞ்சாவூர்.

செடிகளைப் படித்தவர் நகரத்துக்கு வந்த கதை

கெட்டிஸ் கட்டடக் கலை படித்தவர் அல்ல. அவர் படித்தது உயிரியல், அதிலும் பட்டம் வாங்கவில்லை. 1854-இல் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்து, பெர்த் நகரத்தை ஒட்டிய குன்றுச்சரிவில் வளர்ந்தவர். அப்பா படைவீரர். பள்ளி முடித்ததும் கொஞ்ச காலம் வங்கியில் வேலை பார்த்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியேறினார். அப்புறம் லண்டன் போய், டார்வினின் கொள்கைக்காக ஊரெல்லாம் வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவரானார்.

1879-இல் மாதிரிகள் சேகரிக்க மெக்சிகோ போனபோது அவருடைய பார்வை திடீரென்று கெட்டது. இருட்டறையில் வாரக்கணக்கில் அடைந்து கிடக்க வேண்டியிருந்தது. கண் தெரியாத அந்த நாட்களில் சன்னல் சட்டங்களின் கட்டங்களை விரலால் தடவிக்கொண்டே, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தை வைத்து, பக்கத்துக் கட்டத்தோடு அதற்கு என்ன தொடர்பு என்று யோசித்துப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனாலும் நுண்ணோக்கியில் நெடுநேரம் வேலை செய்யும் தெம்பு கண்ணுக்கு இல்லை. சிறிய உயிர்களைக் கண்ணாடிக்கடியில் பார்க்க முடியாதவர் பெரிய உயிரொன்றைப் பார்க்கத் தொடங்கினார். அதுதான் நகரம்.

உயிரியலாளர் எதையும் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. ஒரு செடியென்றால் அதன் மண், தண்ணீர், வெயில், அதை உண்ணும் பூச்சி என எல்லாம் சேர்ந்துதான் அந்தச் செடி. கெட்டிஸ் நகரத்தையும் இப்படியே பார்த்தார். இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் பிரிக்க முடியாது என்றார். பிரெஞ்சு சமூகவியலாளர் லெ ப்ளே இடம், தொழில், குடும்பம் என்று வகுத்ததிலிருந்து அவர் எடுத்து வளர்த்த கருத்து இது. மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை அவர் படமாக வரைவார். மேலே சுரங்கத் தொழிலாளி, அப்புறம் மரவெட்டி, வேடர், இடையர், உழவர், கடைசியில் மீனவர். நிலம் மாறினால் தொழில் மாறும், தொழில் மாறினால் குடியிருக்கும் விதம் மாறும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று படித்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய நகராட்சிப் பொறியாளருக்கு, நகரத்தின் சிக்கலைப் பேசும் இடத்தில் ஆட்டிடையருக்கு என்ன வேலை என்றே தோன்றியிருக்கும்.

எடின்பரோவின் சந்துகளில்

காக்கும் அறுவை முதலில் நடந்தது அவர் வாழ்ந்த ஊரிலேயே.

எடின்பரோவின் பழைய நகரம் ஒரு குன்றின் முதுகில் அமைந்தது. இடம் குறைவு என்பதால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. ஏழெட்டு மாடி உயரக் கல் கட்டடங்கள், அவற்றுக்கிடையே இருட்டுச் சந்துகள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கே புதிய நகரம் எழுந்ததும் வசதி படைத்தவர்கள் அங்கே போய்விட்டார்கள். பழைய கட்டடங்களில் ஏழைகள் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். 1861-இல் அப்படியொரு கட்டடம் நள்ளிரவில் சரிந்து 35 பேர் இறந்தார்கள். நகரம் பதறியது. 1867-இல் சீரமைப்புச் சட்டம் வந்தது. அதன்படி பழைய பகுதிகளை வெட்டிக்கொண்டு அகலமான புதுத் தெருக்கள் போடப்பட்டன. சேம்பர்ஸ் தெரு அப்படி வந்ததுதான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்காகச் சில பழைய சதுக்கங்களே காணாமல் போயின.

இந்தச் சூழலில்தான் கெட்டிஸும் அவருடைய மனைவி அன்னா மார்ட்டனும் ஒரு முடிவெடுத்தார்கள். 1886-இல் திருமணமான அவர்கள், கொஞ்ச நாளிலேயே புதிய நகரத்து வசதியான வீட்டை விட்டு, பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்துக்குக் குடிபோனார்கள். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் ஒருகாலத்தில் குடியிருந்த முற்றம் அது. இவர்கள் போனபோது அழுக்கும் நெரிசலுமாகக் கிடந்தது. அங்கே இருந்துகொண்டே வேலையைத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து முற்றத்தைக் கழுவினார்கள், சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள், சன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். கூரையும் படியும் சரிசெய்யப்பட்டன. இற்றுப்போன, யாருக்கும் பயன்படாத பகுதிகளை மட்டும் இடித்தார்கள். அந்த இடைவெளி வழியே முற்றத்துக்குக் காற்று வந்தது.

இடிப்பது அவர் வழியில் உண்டு என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். எதை இடிப்பது என்று முடிவு செய்யும் முறைதான் வேறு. சாலைக் கோடு போகும் வழியில் நிற்கிறதா என்று அவர் கேட்பதில்லை. இந்தக் கட்டடம் இனி உயிர் பிழைக்குமா, இதை எடுத்தால் சுற்றியுள்ள எத்தனை வீடுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும் என்று கேட்பார்.

பிறகு அவர் மாணவர் விடுதிகளை நடத்தினார், பழைய கட்டடங்களை வாங்கிப் புதுப்பித்தார், கோட்டைக்குப் பக்கத்திலேயே ராம்சே கார்டன் என்ற குடியிருப்பை எழுப்பினார். வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக இன்றும் நிற்கும் அந்தக் கட்டடங்களை வடிவமைத்தவர்கள் கேப்பர், சிட்னி மிட்செல் ஆகிய கட்டடக் கலைஞர்கள். கெட்டிஸ் பின்னாலிருந்து தூண்டியவர். பணக்கணக்கில் அவர் ரொம்ப மோசம். கடன் கழுத்தை நெரித்தபோது, 1896-இல் நண்பர்கள் ஒரு நிறுவனம் அமைத்து அந்தச் சொத்துகளை ஏற்றுக்கொண்டார்கள். டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் 1888-இலிருந்து முப்பது ஆண்டுகள் அவர் தாவரவியல் பேராசிரியர். ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்ற ஏற்பாடு. மிச்ச நாளெல்லாம் நகரங்களுக்கு.

1892-இல் அவர் எடின்பரோ கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கோபுரக் கட்டடத்தை வாங்கி, ‘அவுட்லுக் டவர்’ என்று பெயர் வைத்தார். அதன் உச்சியில் கேமரா அப்ஸ்க்யூரா என்ற கருவி உண்டு. இருட்டறையின் நடுவே வெள்ளை மேசை, அதன்மேல் வெளியே நடக்கும் நகரத்தின் காட்சி அப்படியே அசைந்துகொண்டிருக்கும். பார்க்க வருபவர்களை முதலில் படியேற்றி நேராக உச்சிக்குத்தான் கூட்டிப்போவார். அங்கே நகரத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு மாடியாக இறங்க வேண்டும். முதலில் எடின்பரோ பற்றிய அறை, அதற்குக் கீழே ஸ்காட்லாந்து, அப்புறம் ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, தரைத்தளத்தில் உலகம். சொந்த ஊரை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவனுக்கே உலகம் புரியும் என்பதைப் படிக்கட்டிலேயே சொல்லிக்கொடுத்தார்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நகரங்களின் வரைபடங்கள், பழைய ஓவியங்கள், புகைப்படங்கள், புள்ளிவிவரங்கள் ஆகியவற்றைச் சேர்த்து கெட்டிஸ் ஒரு பெரிய கண்காட்சியை உருவாக்கியிருந்தார். லண்டன், டப்ளின் என்று பல ஊர்களுக்குப் போன அந்தக் கண்காட்சி, 1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் உயரிய பரிசு பெற்றது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு ஸ்காட்லாந்து அரசியலில் இருந்து வந்தவர், கெட்டிஸை அறிந்தவர். கண்காட்சியோடு இந்தியாவுக்கு வாருங்கள் என்று அழைத்தார்.

1914-இல் கெட்டிஸ் தன் மூத்த மகன் அலாஸ்டரோடு புறப்பட்டார். கண்காட்சிப் பெட்டிகள் ‘கிளான் கிராண்ட்’ என்ற வேறு கப்பலில் வந்தன. முதல் உலகப்போர் தொடங்கியிருந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு வீசிவிட்டுப் போன எம்டன் கப்பலை நமக்குத் தெரியும். அதே எம்டன்தான் அக்டோபரில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. இருபது ஆண்டுக்கும் மேலாகச் சேர்த்தவை கடலுக்கடியில் போயின. வேறொருவர் என்றால் ஊர் திரும்பியிருப்பார். கெட்டிஸ் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார், அவர்கள் கிடைத்ததையெல்லாம் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

அதற்கிடையே அவர் ஊர் ஊராக நடந்தார். ஒரு நகரத்துக்குப் போனால் முதல் வேலை, விடிந்ததும் கால்நடையாகச் சுற்றுவது. அலுவலகத்துக்குப் போவதெல்லாம் பிறகுதான்.

தஞ்சைக் கோட்டையில் என்ன செய்தார்

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் இருந்த நெருக்கமான ஒரு பகுதியைச் சீர்செய்ய ஏற்கெனவே ஒரு திட்டம் தயாராக இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நேர்த்தெருக்கள், நடுவில் சதுரக் கட்டங்கள். பல நல்ல வீடுகளும் அதற்குப் பலியாகியிருக்கும்.

கெட்டிஸ் அந்தச் சந்துகளில் மணிக்கணக்கில் நடந்தார். அவருடைய முறையைப் புரிந்துகொள்ள, அந்த நடையில் அவர் என்ன தேடினார் என்று பார்த்தால் போதும். எந்த வீடு நன்றாக இருக்கிறது, எது பழுது பார்த்தால் தேறும், எது விழுந்துகொண்டிருக்கிறது? எங்கே காலிமனை கிடக்கிறது? சந்துகள் உண்மையில் எங்கிருந்து எங்கே போகின்றன? மரம் எங்கே, கிணறு எங்கே, சிறு கோயில் எங்கே? இவற்றையெல்லாம் வரைபடத்தில் வீடுவீடாகக் குறித்த பிறகுதான் அடுத்த வேலை.

குறித்து முடித்ததும் ஒரு விஷயம் தெளிவானது. புதிய தெருக்களே தேவையில்லை. இருக்கிற சந்துகள் போக்குவரத்துக்குப் போதும், அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தினால் சரி. பாழடைந்த சில வீடுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பக்கத்துக் காலிமனையோடு சேர்த்தால் சிறு திறந்தவெளி கிடைக்கும். அதில் மரம் வைக்கலாம், குழந்தைகள் விளையாடலாம், சுற்றியுள்ள வீடுகளுக்குக் காற்று வரும். இப்படிச் சில இடங்களைத் திறந்து சந்துகளால் இணைத்துவிட்டால் எந்த வீடும் காற்றோட்டத்துக்கு வெகுதூரத்தில் இருக்காது. முதல் திட்டத்தின் செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும். வீடிழப்பவர்களும் மிகச் சிலரே.

இதில் உள்ள கஷ்டத்தையும் அவர் தன் அறிக்கையில் ஒளிக்கவில்லை. இந்த வேலையை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்ய முடியாது, பிராமணரும் பிரிட்டிஷ்காரரும் முகம் சுளிக்கும் நாற்றத்துக்கு நடுவே சலிக்காமல் சுற்ற வேண்டும் என்று எழுதினார். சட்டம் கேட்பதைவிட நுணுக்கமான வரைபடங்கள் வேண்டும். பொறுமை வேண்டும். பழக்கப்பட்ட தனக்கே சில நேரம், பொறுமையிழந்த சதுரங்க ஆட்டக்காரனைப்போலக் காய்களை ஒரே கையால் தள்ளிவிடத் தோன்றும் என்றார். எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் பிடித்த இடம் அது. இடிக்கும் ஆசை நல்லெண்ணம் உள்ள மனிதருக்கும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் பலருக்குக் குறுகலான சந்து என்றாலே நோய். கெட்டிஸ் அப்படிப் பார்க்கவில்லை. வெயில் சுடும் நாட்டில் குறுகிய சந்து நிழல் தருகிறது, வண்டி போகாததால் புழுதி இல்லை, அமைதியாக இருக்கிறது. அகலச் சாலையோ வெயிலும் புழுதியுமாகத் தகிக்கிறது. வண்டி போகிற தெரு வேறு, குடியிருக்கிற தெரு வேறு, இரண்டுக்கும் ஒரே அளவு எதற்கு என்றார்.

வீட்டு முற்றத்துத் துளசிமாடத்தையும் அவர் கவனித்தார். துளசி செழிப்பாக இருந்தால் அந்த வீட்டைக் கவனமாக நடத்தும் ஒரு பெண் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம், நகரமைப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

காஞ்சிபுரத்தைப் பார்த்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சி அறிக்கையில் பொங்குகிறது. பெரிய கோயில்களும் எண்ணற்ற சிறு கோயில்களும் மட்டுமல்ல, அவற்றைச் சுற்றி ஒரு முழு நகரத் திட்டமே இவ்வளவு கம்பீரமாக, அதே நேரம் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் விட்டு அமைந்திருப்பதற்கு இந்தியாவிலோ வெளியிலோ இணை சொல்ல முடியவில்லை என்று எழுதினார். நகரமைப்பு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வர வேண்டிய சரக்கு என்று நினைத்த ஆட்சியாளர்களிடம் 1915-இல் இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

குளத்தை மூடாதே

மலேரியா பரவிய காலம். கொசு குளத்தில் பெருகுகிறது, ஆகவே குளத்தைத் தூர்த்துவிடு என்பது சுகாதார அதிகாரிகளின் பொதுவான யோசனை. கெட்டிஸ் உயிரியலாளர் அல்லவா? குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழுவை அவை தின்றுவிடும் என்றார். குளம் காற்றைக் குளிர்விக்கிறது, மழைநீரைத் தாங்குகிறது, ஊர்க்காரர்கள் கூடும் இடமாக இருக்கிறது. ஒரு பூச்சிக்காக இத்தனையையும் இழப்பது அவருக்குக் கைகாலை வெட்டும் வைத்தியமாகவே பட்டது.

சாக்கடை விஷயத்திலும் இப்படித்தான். கழிவைத் தண்ணீரில் கரைத்து, ஏராளமான செலவில் குழாய் போட்டு ஆற்றில் விடுவதைவிட, அதை எருவாக்கித் தோட்டத்துக்குத் திருப்ப வேண்டும் என்று இந்தூர் அறிக்கையில் வாதாடினார். பொறியாளர்களுக்கு எரிச்சல் வந்தது.

சென்னையில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. கெட்டிஸின் வருகையும் அவருக்குப் பின் நகரமைப்பு ஆலோசகராக இருந்த பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் லான்செஸ்டரின் வேலையும் அதற்குத் தூண்டுதலாக இருந்தன. ஆனால் அந்த 1920-களில்தான் மாம்பலத்தின் பெரிய ஏரி வற்றவைக்கப்பட்டு தியாகராய நகர் எழுந்தது. நகரமைப்பு என்ற துறை வந்துவிட்டது, அதைக் கொண்டுவந்தவரின் எண்ணம் கூடவே வரவில்லை. மழைக்காலத்தில் தி. நகர்த் தெருக்களில் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த மீனும் வாத்தும் நினைவுக்கு வரும்.

இந்தூரின் தீபாவளி

காக்கும் அறுவைக்கு மக்கள் சேர்ந்து வர வேண்டும். வீட்டுக்காரர் தன் சுவரைத் தானே சரிசெய்யாவிட்டால் நகராட்சி எத்தனை சந்தைத் திறந்தாலும் பயனில்லை. இதை அவர் எவ்வளவு ஆழமாக நம்பினார் என்பதற்கு 1917-18 வாக்கில் இந்தூரில் நடந்த ஒன்று சாட்சி.

ஊரில் பிளேக். வரைபடச் சுருளோடு சந்து சந்தாக அலைந்த தாடிக்கார வெள்ளைக்காரரைப் பார்த்தாலே மக்கள் ஒதுங்கினார்கள், பிளேக் கொண்டுவருகிறவர் இவர்தான் என்ற பேச்சும் கிளம்பியது. கெட்டிஸ் அரண்மனைக்குப் போய், ஒரு நாள் என்னை மகாராஜாவாக்குங்கள் என்று கேட்டு அனுமதி வாங்கினார். வரும் தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் நடக்கும், அது வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெரு வீடுகள் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? தெருவுக்குத் தெரு போட்டி. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது, வெள்ளையடிப்பு நடந்தது, எலிகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன.

ஊர்வலத்தில் யானை, ஒட்டகம், குதிரைப்படை எல்லாம் போயின. பின்னால் இடிந்த வீடுகளின் மாதிரிகள், சோக இசையோடு. அப்புறம் அழுக்கு என்னும் பெரிய ராட்சதன், பிளேக் எலியின் பெரிய பொம்மை, மலேரியாக் கொசு. அவர்களுக்குப் பின்னால் துப்புரவுத் தொழிலாளர்கள். புதுத் துடைப்பம், வெள்ளை வெளேரென்ற உடை, தலைப்பாகை. அவர்களுடைய வண்டிகளுக்குப் புது வண்ணம் பூசியிருந்தது, மாடுகளின் கொம்புக்குச் சாயம், கழுத்தில் மாலை. ஊரே ஒதுக்கி வைத்த அந்த மனிதர்கள் ஊர்வலத்தின் நடுவில், மரியாதைக்குரிய இடத்தில் நடந்தார்கள். அப்புறம் லட்சுமி, இந்தூர் நகரத்துக்கென்று புதிதாக உருவாக்கிய ஒரு நகரத் தெய்வம், இனி கட்டப்போகும் நூலகம், அருங்காட்சியகம் ஆகியவற்றின் மாதிரிகள். பழமும் பூவும் துளசிச் செடிகளும் மக்களுக்குக் கொடுக்கப்பட்டன. இரவில் ராட்சதனையும் எலியையும் கொளுத்தி வாணவேடிக்கை. வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் நகரத் திட்டம் அன்றைக்குப் புரிந்தது. என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த வேலை இதுதான், எந்தக் கட்டடத்தையும்விட.

இந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் பெரிய துயரம் இருந்தது. 1917 ஏப்ரலில் அலாஸ்டர் பிரான்சுப் போர்முனையில் இறந்தார். அப்போது அன்னா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் போன செய்தியை கெட்டிஸ் அவரிடம் சொல்லவில்லை. ஜூனில் கல்கத்தாவில் அன்னாவும் இறந்தார். ஜேம்ஸ் கோர்ட்டில் அவரோடு முற்றம் கழுவிய மனைவி.

அப்புறம்

1914-இலிருந்து பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஐம்பது இந்திய ஊர்களுக்கு அவர் அறிக்கை எழுதினார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மற்றும் குடிமையியல் துறைக்குப் பேராசிரியரானார். அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார், தாகூரோடு நெருங்கிப் பழகினார். 1915-இல் வெளிவந்த ‘சிட்டீஸ் இன் எவல்யூஷன்’ நூலில், பல ஊர்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறிக்க ‘கோனர்பேஷன்’ என்ற சொல்லை உருவாக்கினார். இன்று உலகமெங்கும் புழங்கும் சொல் அது.

மகள் நோராவின் கணவர் ஃபிராங்க் மியர்ஸ் முறையாகப் பயின்ற கட்டடக் கலைஞர், நகரமைப்பாளர். மாமனாரின் எண்ணங்களைக் கோடாக வரைந்தவர் அவர். ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு இருவரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே, எடின்பரோவின் பழைய நகரத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த சிறு மனைகளைக் குடும்பமாகக் கணக்கெடுத்து, எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 10 ஏக்கர் வரும் என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள். அவற்றில் சிலவற்றை நோரா குழந்தைகளுக்கான தோட்டங்களாக மாற்றினார். டெல் அவிவ் நகரத்துக்கு 1925-இல் கெட்டிஸ் தந்த திட்டம்தான் அவருடையவற்றுள் பெரிய அளவில் நிறைவேறியது. பெரிய சாலைகளுக்கு நடுவே அமைதியான குறுந்தெருக்கள், அவற்றின் உள்ளே தோட்டம். அந்தத் திட்டத்தின்மேல் எழுந்த ‘வெள்ளை நகரம்’ 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கெட்டிஸ் 1932-இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஏப்ரலில் பிரான்சின் மான்பெல்லியே நகரத்தில் காலமானார்.

இந்த முறையால் முடியாதவை

காக்கும் அறுவை எல்லா நோய்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கெட்டிஸின் இந்திய அறிக்கைகளில் பெரும்பாலானவை தாளோடு நின்றன. அவர் எழுத்தும் ஒரு காரணம், சொல்ல வந்ததிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து போவார். ஆனால் முக்கியக் காரணம், இந்த வேலைக்குத் தெருத்தெருவாக நடக்கும் ஆள் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் அவர் அங்கேயே இருக்க வேண்டும். அப்படி ஒருவரை எந்த அரசும் சம்பளம் போட்டு வைக்கவில்லை. நேர்ச்சாலைத் திட்டத்துக்கு ஒப்பந்தக்காரர் கிடைப்பார், கடன் கிடைக்கும், திறப்பு விழா உண்டு. நான்கு பாழடைந்த வீட்டை எடுத்து வேப்பமரம் வைப்பதற்கு எந்த விழா நடக்கும்?

இரண்டாவது சிக்கல் வாடகை. ஒரு பழைய தெரு அழகானதும் அதன் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் வாடகை ஏறும். அங்கே காலங்காலமாக இருந்த ஏழைக் குடும்பத்தால் அதைக் கட்ட முடியாது. ராம்சே கார்டனில் குடியேறியவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ளவர்கள். ஜேம்ஸ் கோர்ட்டில் முற்றம் கழுவியபோது இந்தக் கேள்வி எழவில்லை, புதுப்பிப்பு வேலை பெரிதானபோது எழுந்தது. நிலம் யார் கையில், வாடகையை யார் தீர்மானிப்பது என்பதற்கு கெட்டிஸிடம் உறுதியான பதில் இல்லை. மக்களின் நல்லெண்ணத்தை அவர் ரொம்ப நம்பினார். இன்று இந்த முறையைக் கையில் எடுப்பவர்கள் வீடுவீடாகச் சுவரையும் கூரையையும் குறிக்கும்போது, அந்த வீட்டில் இருப்பவர் சொந்தக்காரரா வாடகைக்காரரா, எத்தனை ஆண்டாக இருக்கிறார், எவ்வளவு கட்டுகிறார் என்பதையும் அதே வரைபடத்தில் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.